தொப்பியில் பூ வைத்தால் மட்டும் மலைப்படை ஆகிவிடுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரிடம் 28 மி.மீ. அளவுப் பொம்மைகளாக ஒரு சாதாரண ஜெர்மன் காலாட்படை பிளட்டூன் (சிறு படையணி) ஏற்கெனவே இருக்கிறது. போல்ட் ஆக்‌ஷன் எனும் இரண்டாம் உலகப் போர் மேசை ஆட்டத்தின் விதிகளில் ஆடுகிறார். அடுத்து ஜெர்மன் மலைப்படை, அதாவது கெபிர்க்ஸ்யேகர், சேர்க்க ஆசைப்படுகிறார். பழைய பொம்மைகளுக்குத் தலையை மட்டும் மாற்றினால் போதுமா, புதிதாக என்ன வாங்க வேண்டும், மேசையில் இவர்களை எப்படி ஆடுவது?

தலை மட்டும் போதாது. ஆனால் எல்லாவற்றையும் புதிதாக வாங்கவும் தேவையில்லை. மலைப்படையை மற்ற காலாட்படையிலிருந்து பிரித்துக் காட்டுவது தொப்பியில் சின்னமாக இருக்கும் எடெல்வைஸ் எனும் மலைப்பூ அல்ல. சாலை முடிகிற இடத்துக்கு அப்பால் எல்லாவற்றையும் மனிதன் முதுகிலோ கோவேறு கழுதை முதுகிலோ ஏற்றித்தான் அவர்கள் கொண்டுபோக வேண்டும். பொம்மையும் படைப்பட்டியலும் மேசையும் இந்த ஒரு விஷயத்தைக் காட்டவில்லை என்றால், வேறு தொப்பி போட்ட காலாட்படையைத்தான் நகர்த்திக்கொண்டிருப்பீர்கள்.

வாங்கும் முன் களத்தை முடிவு செய்யுங்கள். ஒரே படைப்பிரிவு களத்துக்குக் களம் வேறு உருவில் வரும்.

வடக்கு நார்வேயின் நார்விக் துறைமுகம், 1940. ஏப்ரல் 9 அன்று 10 டெஸ்ட்ராயர் கப்பல்களில் ஏறக்குறைய 2,000 மலைவீரர்கள் எடுவார்ட் டீட்ல் தலைமையில் இறங்கினார்கள். 3ஆம் மலை டிவிஷனின் 139ஆவது ரெஜிமென்ட் அது. கனரக ஆயுதங்களோடு வரவேண்டிய சரக்குக் கப்பல்கள் வந்து சேரவில்லை. பிரிட்டிஷ் கடற்படை அந்த டெஸ்ட்ராயர்களை ஒழித்த பிறகு, கரையேறிய மாலுமிகளுக்கு எல்வேகார்ட்ஸ்மூன் கிடங்கில் பிடிபட்ட நார்வே துப்பாக்கிகளைக் கொடுத்துக் களத்தில் இறக்கினார்கள். ஆகவே நார்விக் படையில் ஒரு பாதி கருநீலச் சீருடை மாலுமிகளாக இருந்தாலும் தப்பில்லை. எதிரே நார்வேக்காரர், பிரெஞ்சு ஆல்ப்ஸ் வீரர், பிரான்சின் அயல்நாட்டுப் படையணி, போலந்தின் பொதாலே பிரிகேட் என்று வகைவகையாக உண்டு. இந்தக் களத்துக்கு இதுவே பெரிய கவர்ச்சி.

சோவியத் வடக்கில் மூர்மான்ஸ்க் பக்கம் லிட்சா ஆறு, 1941 ஜூன் 29 முதல்: மரமே இல்லாத தூந்திரப் பாறைவெளி. மேசை அமைக்கச் சுலபம். ஆனால் மறைவு குறைவு, ஆட்டம் சீக்கிரம் ரத்தக்களரி ஆகிவிடும். காகசஸ், 1942: 1ஆம், 4ஆம் டிவிஷன்கள். ஆகஸ்ட் 21 அன்று 5,642 மீட்டர் உயர எல்ப்ரஸ் சிகரத்தில் கொடி நட்டார்கள். போருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கயிறு, பனிக்கோடாரி, காற்றுத்தடுப்பு மேலங்கி என்று பொம்மைகள் அழகாக இருக்கும். கணவாய்களில் நடந்த சண்டை பெரும்பாலும் சிறு குழுக்களுக்கிடையே என்பதால் சின்ன ஆட்டத்துக்குப் பொருத்தம்.

கேட்டவருக்கு நான் சொல்வது கிரேக்கத் தீவான கிரீட், 1941 மே. காரணம் சிக்கனம். அங்கே போன 5ஆம் மலை டிவிஷன் சண்டையில் பரவலாக எஃகுத் தலைக்கவசம் அணிந்திருந்தது. ஐரோப்பியக் கம்பளிச் சீருடையிலேயே அந்த வெயிலில் போரிட்டது. எனவே உங்களிடம் இருக்கும் பொம்மைகளின் உடலும் கவசத் தலையும் அப்படியே உதவும். குழுவுக்கு மூன்று நான்கு பேருக்குத் தொப்பித் தலை வைத்தால் போதும்.

பொம்மையில் மாற்ற வேண்டியது தலைக்கு முன் கால்தான். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. சாதாரண ஜெர்மன் பொம்மைக்கு முழங்காலுக்குக் கீழ்வரை உயர்ந்த பூட்ஸ் இருக்கும். மலைவீரன் போடுவது கணுக்கால் பூட்ஸ். ஆணி அடித்த கனத்த அடிப்பாகம். அதன் மேல் குட்டையான துணிச்சுற்று. அந்தச் சுற்றின் மேல் தொய்ந்து விழும் கால்சட்டை. உயரமான பூட்ஸைச் செதுக்கி இப்படி மாற்றுவது வீண் வேலை. போரின் பிற்பகுதி ஜெர்மானியர் என்று விற்கும் பிளாஸ்டிக் பெட்டிகளில் கணுக்கால் பூட்ஸும் கேன்வாஸ் உறையும் போட்ட கால்கள் கிடைக்கும். அந்த உறையில் இருக்கும் வார், கொக்கிப் புடைப்புகளைக் கத்தி முனையால் சுரண்டி எடுங்கள். கிரீன் ஸ்டஃப் களிமண்ணில் நீலம், மஞ்சள் இரண்டையும் சம அளவில் பிசைந்து, நூல்போல உருட்டி, தட்டையாக்கி, கணுக்காலுக்கு மேல் இரண்டு சுற்று ஒட்டுங்கள். விரலை ஈரமாக்கிக்கொள்ளாவிட்டால் களிமண் காலை விட்டு விரலோடு வந்துவிடும். ஒன்றரை மணி நேரத்துக்குள் வேலையை முடித்து, ஒரு நாள் முழுக்க இறுகவிடுங்கள். சுற்று முழங்கால் வரை போகக் கூடாது. போனால் முதல் உலகப் போர் ஆள் ஆகிவிடுவார்.

தொப்பிக்கு வருவோம். பெர்க்மூட்சே எனும் மலைத்தொப்பியின் முகப்பு, அதாவது முன்விளிம்பு, குட்டை. 1943இல் ராணுவம் முழுமைக்கும் வந்த தொப்பி இதைப் பார்த்துச் செய்ததுதான், ஆனால் முகப்பு நீளம். பிளாஸ்டிக் பெட்டியில் கிடைப்பது பெரும்பாலும் இந்தப் பிந்தைய தலை. முகப்பின் நுனியை அரை மி.மீ. அளவுக்கு அரத்தால் தேய்த்தால் 1941க்குச் சரியாக இருக்கும்.

துப்பாக்கி பற்றி அடிக்கடி விவாதம் வரும். மலைப்படைக்கென்று செக் நாட்டின் புர்னோ தொழிற்சாலையில் செய்த ஜி 33/40 கார்பைன் உண்டு. வழக்கமான கார் 98கே 111 செ.மீ. நீளம், இது 99 செ.மீ. 28 மி.மீ. பொம்மைக்குரிய 1/56 அளவில் கணக்குப் போட்டால் வித்தியாசம் 2 மி.மீ.க்குச் சற்று மேல். குழல் முனையில் அவ்வளவு நறுக்கினால் ஆயிற்று. குழுவில் இரண்டு மூன்று பேருக்குச் செய்தால் போதும், எல்லோரிடமும் அது இருந்ததில்லை. 1940இல்தான் உற்பத்தி தொடங்கியது என்பதால் நார்விக் படைக்கு நறுக்கவே வேண்டாம்.

முதுகுப்பை கட்டாயம். சாதாரணக் காலாட்படையின் ரொட்டிப்பையும் தண்ணீர்க் குப்பியும் மட்டும் தொங்கினால் மலைவீரன்போல் தெரியாது. பைகளை மட்டும் தனியாக விற்கிறார்கள். இல்லையென்றால் களிமண்ணில் கொண்டைக்கடலை அளவு உருண்டையை அழுத்தி, மேல்மூடியும் இரண்டு வாரும் கீறினால் வந்துவிடும். பத்தில் ஆறு பேருக்கு இருக்கட்டும். தாக்குதலுக்கு முன் கழற்றி வைத்துவிட்டவர்கள் மீதி நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் தோளில் கயிற்றுச் சுருள். தையல் நூலை ஃபெவிகாலில் நனைத்து, பேனா மூடியில் சுற்றிக் காயவைத்தால் 28 மி.மீ.க்குக் கச்சிதமான சுருள் கிடைக்கும்.

வண்ணத்தில் வல்லேஹோ மாடல் கலர் எண்களைச் சொல்கிறேன். மேற்சட்டைக்கு 830 ஃபீல்ட் கிரே. 1940 நடு வரை கொடுத்த கால்சட்டை கல் சாம்பல் நிறம். 1941இலும் பழையது நிறையப் புழங்கியது. அதற்கு 830உம் 992 நியூட்ரல் கிரேயும் சரிபாதி. சில கால்களை வெறும் 830இலேயே விடுங்கள், கலந்திருப்பதுதான் நிஜம். துணிச்சுற்றுக்கு 992உடன் கொஞ்சம் 880 காக்கி கிரே. முதுகுப்பைக்கு 886 கிரீன் கிரே. பூட்ஸுக்கு 822 பிளாக் பிரவுன், விளிம்பில் 983 ஃப்ளாட் எர்த். துப்பாக்கிக் கட்டைக்கு 875 பீஜ் பிரவுன். எல்லாம் காய்ந்தபின் ஒரு பழுப்பு வாஷ் (பள்ளங்களில் தேங்கும் நீர்த்த வண்ணம்), அதன்மேல் அடிப்படை நிறத்தால் மேடுகளை மட்டும் எடுத்துக்காட்டினால் மேசைக்குப் போதுமான தரம். ஸ்ப்ரே பிரைமரை மழை நாளில் அடிக்காதீர்கள். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் பூச்சு மாவு தூவியதுபோல் சொரசொரப்பாகப் படியும், அதன்மேல் எந்த வண்ணமும் அழகாக நிற்காது.

பூவுக்கு வருவோம். தொப்பியில் உலோகப் பூ இடது பக்கம். சட்டையில் துணிப்பூ வலது மேற்கையில். இதை மாற்றி வரைந்த படைகளைக் கடை அலமாரியிலேயே பார்க்கலாம். கைப்பூ வரைய, 2 மி.மீ. உயரத்தில் கரும்பச்சை நீள்வட்டம் ஒன்று இடுங்கள். காய்ந்ததும் தூரிகையின் முடியால் அல்ல, குண்டூசி முனையால் வெள்ளையைத் தொட்டு வட்டமாக ஐந்து புள்ளி வையுங்கள். நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி. காம்பு வேண்டாம், அந்த அளவில் காம்பு வரைந்தால் பூ கறைபோல் தெரியும். தொப்பியில் ஒரே ஒரு வெள்ளிப் புள்ளி போதும். கைநடுக்கம் உள்ளவர்கள் நீரில் ஒட்டும் டெக்கால் வாங்கிவிடலாம், அதில் ஒரு வெட்கமும் இல்லை. இன்னொரு சின்ன விஷயம்: தோள்பட்டையின் ஓரக்கோடு காலாட்படைக்கு வெள்ளை, மலைப்படைக்கு வெளிர்பச்சை. பழைய பொம்மைகளை மறுபடி பயன்படுத்தும்போது இதை மாற்ற மறந்துவிடுவோம்.

படைப்பட்டியல். ஓர் அதிகாரி, அவருடைய செய்தி கொண்டுசெல்பவர் ஒருவர், பத்துப் பத்துப் பேராக மூன்று குழு. குழுவுக்கு ஒரு எம்ஜி 34 இயந்திரத் துப்பாக்கி, தலைவனிடம் ஒரு சப்மெஷின் துப்பாக்கி. இவற்றோடு முக்காலியில் வைத்த எம்ஜி 34 ஒன்று, மூன்று பேர். 8 செ.மீ. மோர்ட்டார் ஒன்று, மூன்று பேர். எங்கே சுடுவது என்று பீரங்கிக்குச் சொல்லும் நோக்குநர் இருவர். கோவேறு கழுதை இரண்டு, நடத்திச் செல்பவர் இருவர். ஆக 42 பொம்மை, இரண்டு விலங்கு. இதில் 30க்கு மேல் உங்கள் பழைய பெட்டியிலிருந்தே வந்துவிடும்.

டாங்கி வேண்டாம். கிரீட்டில் மே மாதக் கடைசியில்தான் ஓரிரண்டு இலகு டாங்கிகள் கரையேறின, அதற்குள் தீவின் முடிவு தெரிந்துவிட்டது. வண்டி ஏதாவது ஓட்டியே ஆகவேண்டும் என்றால் மோட்டார் சைக்கிள் எடுத்துக்கொள்ளுங்கள்.

மலைப் பீரங்கியை வாங்கத் துடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 7.5 செ.மீ. கெபிர்க்ஸ்கெஷ்யூட்ஸ் 36 அழகான பொம்மைதான். 750 கிலோ, எட்டுச் சுமைகளாகப் பிரியும், 9 கிலோமீட்டருக்குச் சுடும். அவ்வளவு தூரம் சுடுவதை 6 அடி மேசையில் 30 அங்குலத்தில் நிறுத்துவது கேலிக்கூத்து. மிக இலேசான வண்டி என்பதால் தாழ்ந்த கோணத்தில் சுடும்போது துள்ளும் குறையும் அதற்கு உண்டு. நேர்ச்சூட்டுக்கு அது அவ்வளவு தோதானதல்ல. மேசைக்கு வெளியே வைத்துவிட்டு நோக்குநரை மட்டும் வையுங்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் காட்சிக்கும், பீரங்கி நிலையைப் பிடிக்கும் ஆட்டத்துக்கும் பயன்படும்.

அந்தப் பணத்தைக் கோவேறு கழுதைக்குச் செலவழியுங்கள். ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. 8 செ.மீ. மோர்ட்டார் குண்டு ஒன்று 3.5 கிலோ. மூன்று மூன்றாகப் பெட்டியில் வரும். ஒரு விலங்கு மலைப்பாதையில் சுமார் 100 கிலோ சுமக்கும் என்று கொண்டால், பெட்டி எடையும் சேர்த்து இரண்டு டஜன் குண்டுதான் ஏறும். மும்முரமான சூட்டில் அது சில நிமிடத்துக்குக்கூடக் காணாது. மேசையில் மோர்ட்டார் முடிவில்லாமல் சுட்டுக்கொண்டே இருக்கிறதே, அங்கேதான் மலைப்போரின் உயிர் போய்விடுகிறது.

அதனால் இப்படி ஒரு வீட்டுவிதி. இது விதிப்புத்தகத்தில் இருப்பதல்ல, எதிராளியிடம் ஆட்டத்துக்கு முன்பே சொல்லி ஒத்துக்கொள்ளச் செய்யுங்கள். மோர்ட்டாருக்கு நான்கு குண்டுக்குறி, முக்காலி எம்ஜிக்கு நான்கு. சுடும்போதெல்லாம் ஒன்று கழியும். 6 அங்குலத்துக்குள் சுமைவிலங்கு இருந்தால், சுடாமல் ஒரு கட்டளையைச் செலவழித்து இரண்டு குறியை நிரப்பிக்கொள்ளலாம். விலங்குக்கு ஓட்டக் கட்டளை கிடையாது; நடைதான், ஒரு திருப்பத்துக்கு, அதாவது ஒரு ஆட்டச் சுற்றுக்கு, 6 அங்குலம். விலங்கின் மேல் சூடு விழுந்து, சூட்டில் முடங்கியதைக் காட்டும் 'பின்' (pin) குறி இரண்டு சேர்ந்துவிட்டால் பகடை போடுங்கள்: 1, 2 விழுந்தால் மிரண்டு 6 அங்குலம் பின்னால் ஓடும். எதிராளி விலங்கைக் குறிவைக்கத் தொடங்கும்போது நீங்கள் அதைப் பாறைக்குப் பின்னால் ஒளிக்கத் தொடங்குவீர்கள். கனரக ஆயுதத்தை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி அப்போதுதான் நிஜமான கேள்வியாகிறது.

இனி மேசை. சமதளத்தில் இரண்டு குன்று வைத்தால் போதாது. மேசையின் பாதிப் பரப்பாவது உயர்ந்திருக்க வேண்டும். வழுவழுப்பான சரிவு வேண்டாம், உலோகப் பொம்மை அதில் நிற்காமல் சறுக்கும், தலைகுப்புற விழுந்து துப்பாக்கிக் குழல் வளையும். படிப்படியாகச் செய்யுங்கள். கிரீட்டில் ஒலிவ மரம் வளர்க்கும் மலைச்சரிவுகளில் கல்லடுக்கிய படிக்கட்டு நிலங்கள் உண்மையிலேயே உண்டு, ஆகவே இது ஏமாற்று வேலையும் அல்ல. 25 மி.மீ. வட்ட அடித்தட்டு நிற்கப் படியின் அகலம் 35 மி.மீ. இருக்கட்டும், உயரம் 4 அல்லது 5 செ.மீ. தெர்மோகோல் வெட்டிச் செய்யும்போது ஸ்ப்ரே பெயின்டை நேராக அடித்துவிடாதீர்கள், கரைந்து குழி குழியாகிவிடும். முதலில் ஃபெவிகாலும் சுவர் பெயின்டும் கலந்து ஒரு பூச்சு, ஆறியபின் எதுவானாலும். பாறைக்குக் கார்க் துண்டு நல்லது. கிரீட்டுக்கு மண் காவி கலந்த வெளிர்பழுப்பு, காய்ந்த புல், சாம்பல்பச்சை இலை. லிட்சாவுக்குச் சாம்பல் கருங்கல், பாசி. நார்விக்குக்குப் பனி வேண்டும் என்று சமையல் சோடாவையும் ஃபெவிகாலையும் கலப்பார்கள். சில மாதத்தில் மஞ்சளடித்து அசிங்கமாகிவிடும். பனிக்கென்று விற்கும் தூளையே வாங்குங்கள்.

போல்ட் ஆக்‌ஷனில் காலாட்படை கரடுமுரடான தரையில் முன்னேறலாம், ஓட முடியாது. மேசை பாதி கரடுமுரடு என்றால் இரு தரப்பும் 6 அங்குலம் 6 அங்குலமாக ஊர்ந்துகொண்டிருக்கும், ஆட்டம் செத்துவிடும். மலைப்படைக்கு மட்டும் சரிவில் ஓட்டக் கட்டளையை அனுமதித்து, தூரத்தை 12க்குப் பதில் 9 அங்குலம் ஆக்குங்கள். படி ஏறுவதற்கு மற்றவர்கள் அடிவாரத்தில் நின்று அடுத்த திருப்பத்தில் ஏற வேண்டும். மலைப்படை அதே நகர்வில் 3 அங்குலம் கழித்துக்கொண்டு ஏறலாம். இதற்குமேல் சலுகை கொடுக்காதீர்கள். குறி தவறாமை, சாகாத மன உறுதி என்றெல்லாம் சேர்த்தால் எதிராளி மறுமுறை வரமாட்டார்.

இந்தச் சலுகையை எதற்குப் பயன்படுத்துவது? நேர்முகத் தாக்குதலுக்கு அல்ல. 5ஆம் டிவிஷன் தளபதி யூலியுஸ் ரிங்கலின் பெயரோடு 'வியர்வை ரத்தத்தை மிச்சப்படுத்தும்' என்ற வாசகத்தைச் சேர்த்துச் சொல்வார்கள். கிரீட்டில் அவர் 85ஆவது ரெஜிமென்டைத் தெற்கே மலைப்பக்கமாக அனுப்பிக் கரையோரப் பாதுகாப்பைச் சுற்றிவளைக்கப் பார்த்தார். அலிக்கியானோஸ் பக்கம் கிரேக்கர்கள் அதைத் தாமதப்படுத்தினார்கள். மேசையிலும் அதே வேலைதான். ஒரு குழுவும் முக்காலி எம்ஜியும் எதிரியை முன்னால் கட்டிப்போடட்டும். மீதி இரண்டு குழு உயரமான ஓரத்தில் ஏறி இறங்கட்டும். இதற்குக் குறைந்தது நான்கு திருப்பம் ஆகும் என்பதால் ஆட்டத்தை ஆறில் முடிக்காமல் எட்டுத் திருப்பம் வையுங்கள். நேரம் போதாமல் தோற்பதுதான் புதிதாக ஆடுபவர்களுக்கு அதிகம் நடப்பது.

மரத்தோப்பும் தெருவும் இவர்களுக்கு ஆகாத இடம். மே 27 அன்று, 42ஆவது தெரு என்று பிரிட்டிஷ் தரப்பு பெயரிட்டிருந்த சாலையில், மாவோரி பட்டாலியனும் ஆஸ்திரேலியர்களும் துப்பாக்கிக் கத்தியோடு பாய்ந்து 141ஆவது ரெஜிமென்டின் ஒரு பட்டாலியனைச் சிதறடித்தார்கள். உங்கள் எதிராளி நியூசிலாந்துப் படை எடுத்திருந்தால் தோப்புக்குள் 12 அங்குல நெருக்கத்தில் போகாதீர்கள்.

முதல் ஆட்டத்துக்கு கலாட்டாஸ் கிராமம், மே 25 மாலை. 100ஆவது ரெஜிமென்ட் ஊரைப் பிடித்துவிட்டது. நியூசிலாந்துக்காரர்கள் இரண்டு இலகு டாங்கிகளோடு இருட்டும் வேளையில் திருப்பித் தாக்குகிறார்கள். ஜெர்மன் தரப்புக்கு இரண்டு குழு, ஓர் எம்ஜி, ஒரு டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கி. அந்த மார்க் 6 இலகு டாங்கியின் கவசம் அதிகபட்சம் 14 மி.மீ.தான், ஆகவே அந்தத் துப்பாக்கியே அதற்குப் போதும்; பீரங்கி எதுவும் கொடுக்காதீர்கள். நான்காம் திருப்பத்திலிருந்து பார்வைத் தூரம் 18 அங்குலம், ஆறாம் திருப்பத்திலிருந்து 12. ஊர் நடுச் சதுக்கம் கடைசியில் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு வெற்றி. வரலாற்றில் ஊரை மீட்டார்கள், அன்றிரவே விட்டுவிட்டுப் பின்வாங்கவும் செய்தார்கள். அதனால் மேசையில் நியூசிலாந்து வென்றாலும் ஜெர்மன் ஆட்டக்காரர் மனம் கசக்க வேண்டியதில்லை.

கிரீட்டை முடித்துவிட்டு 1943 கிரீஸுக்குப் போகலாமா என்று பின்னால் தோன்றும். அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று கொம்மேனோ கிராமத்தில் 317 பேரைக் கொன்றது 1ஆம் மலை டிவிஷனின் 98ஆவது ரெஜிமென்ட் ஆட்கள். செப்டம்பரில் கெஃபலோனியா தீவில் சரணடைந்த இத்தாலிய வீரர்களைச் சுட்டுக் கொன்றதிலும் அதே டிவிஷனுக்குப் பங்குண்டு. ஊர்களைக் கொளுத்துவதை ஆட்ட இலக்காக வைக்கும் சினாரியோக்கள் சிலரிடம் புழங்குகின்றன. அதை ஆடாமல் இருப்பதே நல்லது.

கடைசியாக ஒரு கைவேலை. சுமைவிலங்கின் மேல் பொதியை நிரந்தரமாக ஒட்டிவிடாதீர்கள். சேணத்தில் 3 மி.மீ. காந்தம் ஒன்றையும் பொதியின் அடியில் இன்னொன்றையும் புதைத்து ஃபெவிக்விக்கில் ஒட்டுங்கள். இரண்டின் துருவமும் சரியாக இருக்கிறதா என்று ஒட்டும் முன் பார்த்துவிடுங்கள். குண்டு தீர்ந்ததும் பொதியை எடுத்து மோர்ட்டார் பக்கத்தில் வைத்துவிட்டால், தனியாகக் குறிகள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.